பெருந்தொற்றுக் காலத்தில் மாரடைப்பு நோயாளிகள் எங்கே போனார்கள்?

2020 மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, "இப்போ ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதீங்க" என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லாத பிள்ளைகள் குறைவு. அன்றைய நிலையில் அது நல்ல அறிவுரையாகத்தான் பட்டது. ஆனால், மாரடைப்புக்கு அது பொருந்தாது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் எண்ணிக்கையோடு காட்டிவிட்டன.

முதலில் கவனித்தவர்களில் ஹாங்காங் மருத்துவர்களும் உண்டு. அங்குள்ள குயின் மேரி மருத்துவமனையில் 2020 ஜனவரி 25 முதல் பிப்ரவரி 10 வரை, கடும் மாரடைப்புக்காக இரத்தக்குழாய் அடைப்பு நீக்கும் அவசர சிகிச்சை பெற்ற 7 பேரின் விவரங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஏழே பேர், மிகச் சிறிய ஆய்வுதான். ஆனாலும் கிடைத்த எண் அதிர வைத்தது. நோய்க்குறி தொடங்கியதிலிருந்து மருத்துவ உதவி கிடைக்கும் வரை, தொற்றுக்கு முந்தைய நோயாளிகளுக்கு நடுமதிப்பாக 82.5 நிமிடம் ஆகியிருந்தது. இவர்களுக்கோ 318 நிமிடம்! ஐந்து மணி நேரத்துக்கும் மேல். மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகும் கொஞ்சம் தாமதம் இருந்தது; 84.5 நிமிடத்தில் நடந்தது 110 நிமிடம் ஆனது. ஆனால் பெரிய தாமதம் நடந்தது ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியேதான்.

இங்கிலாந்தின் கணக்கு இன்னும் பெரியது. அங்கே 2019இல் மாரடைப்பு போன்ற இருதய அவசரங்களுக்காக வாரத்துக்குச் சராசரியாக 3,017 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். 2020 மார்ச் இறுதியில் அது 1,813ஆக, அதாவது 40 விழுக்காடு குறைந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரத்தக்குழாய் முழுதாக அடைபட்டு வரும் கடும் மாரடைப்பு 23 விழுக்காடு குறைந்தது. மற்ற வகை மாரடைப்போ 42 விழுக்காடு குறைந்தது. வலி தாங்காதவர்கள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள்; "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லும் நிலையில் இருந்தவர்களே அதிகம் வீட்டில் தங்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் ஓய்வாக இருந்ததால் மாரடைப்பே குறைந்திருக்குமோ என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இத்தாலியின் லொம்பார்டி வட்டாரத்தில் நான்கு மாவட்டங்களின் கணக்கு வேறு கதை சொன்னது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் திடீரென நின்றுபோன சம்பவங்கள், தொற்றின் முதல் 40 நாட்களில் 362. அதற்கு முந்தைய ஆண்டு அதே காலத்தில் 229. இந்தக் கூடுதலில் பெரும்பங்கு கோவிட் கண்டவர்கள், அல்லது கோவிட் இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்டவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மீதியும் சும்மா ஒதுக்கிவிடக்கூடியது அல்ல.

சில மணி நேரத்தில் அப்படி என்ன கெட்டுவிடும்? இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அந்தப் பகுதித் தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை மீண்டும் வளராது. அங்கே தழும்புதான் மிஞ்சும். உயிர் பிழைத்தாலும், பிறகு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். பலூன், ஸ்டென்ட் வைத்து அடைப்பை நீக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு. அது தூரமாக இருந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து உதவும். தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் அந்த மருந்தும் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். 12 மணி நேரம் தாண்டினால் பெரிதாகப் பலன் இருக்காது.

2020இல் மலேசியாவில் மருத்துவச் சான்று பெற்ற மரணங்களில் 17 விழுக்காட்டுக்கு இருதய நோயே காரணம். அந்த ஆண்டின் முதல் கொலையாளி அதுதான், கோவிட் அல்ல. இன்னொன்று நம்மவர்களை நேராகத் தொடுகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனிப்புநீர் நரம்புகளை மரத்துப்போகச் செய்வதால், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலியே தெரியாமல் போகலாம். காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், திடீர் அசதி மட்டுமே இருக்கும். "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தடவி, இஞ்சித் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுவார்கள்.

இந்தக் குறிகள் இருந்தால் 999க்கு அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துவைத்து, முதலில் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்க அவருக்கு அந்த நேரம் தேவைப்படும்.