ஜில்லாவுக்கும் விலா எலும்புக்கும் என்ன உறவு?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தைப் பார்க்கவே வருகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தலின் விதிகளைப் பொறித்து வைத்த சுவர்கள் அவை. அதே ஊரில் இன்னொரு பழஞ்சொற் களஞ்சியம் உண்டு. அதை வேடிக்கை பார்க்க யாரும் போவதில்லை. வேலை இருந்தால்தான் போவார்கள். அதுதான் தாலுக்கா அலுவலகம்.

கல்வெட்டில் இருப்பவை சபை, வாரியம், குடவோலை என்னும் சொற்கள். அலுவலகத்தில் புழங்குபவையோ தாசில்தார், ஜமாபந்தி, பசலி, வசூல், பாக்கி, நகல், ரத்து. இவற்றில் பெரும்பாலானவை அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தில் வளர்ந்து, ஆர்க்காட்டு நவாபின் கச்சேரிக் கணக்குகள் வழியாக நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தவை. அந்த நெடும் பயணத்தில் சொல்லின் உருவம் தேய்ந்தது. பொருளோ சில இடங்களில் அடியோடு மாறியது. அது எப்படி என்று பார்ப்போம்.

அரபும் பாரசீகமும் ஒரே எழுத்தில் எழுதப்படுவதால் இரண்டும் உடன்பிறந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி அன்று. அரபு, எபிரேய மொழிக்கு உறவு. பாரசீகம், வடமொழிக்கு உறவு. அரபில் பெரும்பாலும் மூன்று மெய்யொலிகள் சேர்ந்த வேரிலிருந்து சொற்கள் கிளைக்கும். பாரசீகத்தில் சொல்லோடு சொல்லை ஒட்டுவார்கள். ‘தஹ்சீல்’ என்ற அரபுச் சொல்லோடு ‘உடையவர்’ என்று பொருள்படும் ‘தார்’ என்ற பாரசீக ஒட்டு சேர்ந்ததே நமது தாசில்தார். தஹ்சீல் என்றால் திரட்டுதல், பெறுதல். எதைப் பெறுவது? இன்றைய ஈரானில் அந்தச் சொல்லுக்குக் கல்வி பெறுதல் என்று பொருள். இந்தியாவில் வரி பெறுதல். ஈரானிய மாணவனிடம் “தஹ்சீல் எப்படி நடக்கிறது?” என்று கேட்டால் அவன் பாடத்தைப் பற்றித்தான் பேசுவான்.

இலக்கணத்திலும் தொல்லை உண்டு. பாரசீகத்தில் ஆண்பால், பெண்பால் என்ற வேறுபாடே இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல். அரபிலோ ‘நீ’ என்பதற்குக்கூட ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஒரு பாரசீகக் காதற்பாட்டை அரபில் பெயர்ப்பவர், கவிஞர் சொல்லாமல் விட்டதை முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். நமக்கும் அதே சங்கடம்தான். ‘அவர்’ என்று போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் காதற்பாட்டில் ‘அவர்’ வந்தால் பாட்டு எழுந்து நின்று வணக்கம் சொல்வது போல் ஆகிவிடும்!

இனி ஒலி. அரபில் பகரம் இல்லை. ஆகவே ‘பார்ஸ்’ என்ற நாட்டுப் பெயர் அரபு வாயில் ‘ஃபார்ஸ்’ ஆயிற்று. பாரசீகர்களே இன்று தம் மொழியை ‘ஃபார்சி’ என்கிறார்கள். எதிர்த் திசையிலும் இழப்பு உண்டு. நாம் ழகரத்தைச் சொல்லிப் பெருமைப்படுவது போல, அரபுமக்கள் ‘ளாத்’ என்ற தங்கள் எழுத்தைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். தம் மொழியையே ‘ளாத் மொழி’ என்பார்கள். பாரசீகர் வாயில் அந்த ஒலி வெறும் ‘ஸ’ போல உரசி ஒலிக்கிறது. விலா எலும்பு, பக்கம் என்று பொருள்படும் அரபுச் சொல் இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. அதுவே பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, நாட்டின் ஒரு பக்கம் என்ற பொருளில் ‘ஜில்லா’ ஆயிற்று.

‘இன்குலாப் ஜிந்தாபாத்’ என்ற முழக்கத்தை நீங்கள் ஊர்வலங்களில் கேட்டிருப்பீர்கள். இன்குலாப் அரபு, ஜிந்தாபாத் பாரசீகம். இன்குலாப் என்பதன் வேர்ப்பொருள் புரளுதல். (நம் ‘புரட்சி’யும் புரட்டுதலில் பிறந்ததே என்பதைக் கவனியுங்கள்.) 1979-இல் ஈரானில் மன்னராட்சி வீழ்ந்ததை ஈரானியர் ‘இன்குலாப்’ என்றே அழைத்தனர். ஆனால் இன்றைய அரபில் அச்சொல் படைவீரர் சிலர் ஆட்சியைக் கைப்பற்றும் சதியைக் குறிக்கும். மக்கள் புரட்சிக்கு அரபில் ‘தௌரா’ என்ற வேறு சொல் உண்டு. சொல்லை அப்படியே எடுத்து வைத்த மொழிபெயர்ப்பாளன் புரட்சியைச் சதி ஆக்கிவிடுவான். தமிழிலும் ‘புரட்சி’க்குப் பக்கத்திலேயே ‘புரட்டு’ இருக்கிறதல்லவா?

சில சமயம் சொல்லோடு காலக்கணக்கும் சேர்ந்து பெயர்க்கப்படுகிறது. இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைக் கொண்டது. 354 அல்லது 355 நாட்கள். சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. அதன்படி வரி வாங்கினால் 32 சூரிய ஆண்டுக்குள் 33 முறை வரி கேட்க வேண்டி வரும். நெல்லோ 32 ஆண்டுதான் விளைந்திருக்கும். ஆகவே அக்பர் காலத்தில் ஹிஜ்ரி எண்ணை வைத்துக்கொண்டு, ஆண்டின் நீளத்தை மட்டும் சூரியக் கணக்குக்கு மாற்றினார்கள். அதுவே பசலி. அரபில் ‘ஃபஸ்ல்’ என்றால் பிரிவு, பருவம், இந்தியாவில் அறுவடை. தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் பசலி ஆண்டு இன்றும் ஜூலை 1-ல் பிறக்கிறது.

இவையெல்லாம் சுவையான செய்திகள். ‘மிராசு’ என்ற சொல்லின் கதை அப்படிப்பட்டதன்று.

செங்கற்பட்டுச் சீமை 1763-இல் நவாபிடமிருந்து கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்தது. இங்குள்ள ஊர்களில் ‘காணியாட்சி’ என்றோர் உரிமை இருந்தது. ஊர் நிலத்தில் பங்கு, அதை விற்கவும் அடகு வைக்கவும் அதிகாரம், பிறர் உழுதால் விளைச்சலில் ஒரு பகுதி, ஊரின் பொதுவிடங்களில் பாத்தியதை என்று பலவும் ஒரு கட்டாக அதில் அடங்கியிருந்தன. கச்சேரிக் கணக்கில் இதை ‘மீராஸ்’ என்று எழுதினார்கள். அது அரபில் ‘மீராத்’. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து. இஸ்லாமியச் சட்டத்தில் அதை மகன், மகள், மனைவி முதலியோருக்கு இன்ன பங்கு என்று வகுத்திருக்கிறார்கள். கணக்குமொழியிலோ, தலைமுறையாக வரும் எதற்கும், ஊர்க் கணக்குப்பிள்ளையின் வேலைக்கும்கூட, அப்பெயர் பொருந்திற்று. காணியாட்சியின் பல குணங்களில் ‘வழிவழியாக வருவது’ என்ற ஒரு குணமே புதுப் பெயரில் தெரிந்தது.

மிராசுதார் நில உடைமையாளரா, பரம்பரைக் குடியா, பரம்பரை ஊழியரா? கம்பெனி அதிகாரிகள் குழம்பினர். சென்னை அரசு 17 கேள்விகளை எழுப்பியது. திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லிஸ் துரை, பழைய தமிழ் ஆவணங்களைத் துணைக்கொண்டு எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின.

ஆயினும் மிராசுதாரின் முன்னுரிமை தரிசு நிலத்திலும் நீடித்தது. வேறொருவர் தரிசு கேட்டுத் தர்காஸ்து போட்டால் (‘வேண்டுகோள்’ என்பதற்கான பாரசீகச் சொல் இது) மிராசுதார் குறுக்கே நின்று ‘எனக்கே வேண்டும்’ என்று கூறலாம். அந்த நிலத்தில் தலைமுறைகளாக உழைத்த பறையர் குடும்பங்களுக்கு ஒரு துண்டு நிலம்கூடக் கிடைக்காமற் போனது இதனால்தான் என்று செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892-இல் அரசு பிறப்பித்த ஆணையே பஞ்சமி நிலங்களுக்குத் தொடக்கம். இந்தக் கொடுமையை மொழிபெயர்ப்பு உண்டாக்கவில்லை, சாதி உண்டாக்கியது. அதற்கு அரசாங்கத் தாளில் மரியாதையான ஒரு பெயரை அந்தச் சொல் கொடுத்தது என்பதே என் கருத்து.

மிராசு இன்று பழங்கதையாகிவிட்டது. அதே அரபு வேரில் பிறந்த ‘வாரிசு’ மட்டும் பொருள் மாறாமல் தங்கிவிட்டது. வீட்டில் ஒருவர் இறந்தால் வாரிசுச் சான்றிதழைத் தாலுக்கா அலுவலகம்தான் வழங்குகிறது; அதில் மகன்களின் பெயரோடு மகள்களின் பெயரும் வரிசையாக எழுதப்படுகிறது.