வெட்டுகத்தியில் ஓடும் நிறம்

பாறசாலையில் சாலையோரக் கொல்லப்பட்டறை ஒன்றில் வெட்டுகத்திக்குப் பதம் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிய கத்தி. கடினம்தான், ஆனால் சட்டென உடைந்துவிடும். ஆசாரி அதன் அலகை உரசிப் பளபளப்பாக்கி, முதுகை மட்டும் நெருப்பில் காட்டினார். வெள்ளை அலகில் வைக்கோல் மஞ்சள் எழுந்தது. அதன் பின்னாலேயே பழுப்பு, கத்தரிப்பூ நிறம், முதுகோரம் மயில்கழுத்து நீலம்.

“மக்களே, மஞ்ச ஓடி வருது பாத்தியா? வாய்க்கு வந்ததும் முக்கணும். இல்லன்னா பதம் போச்சு.”

அந்த நிறம் சாயமல்ல. காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல, சூடேறிய இரும்பின்மேல் ஆக்சைடு ஏடு படிகிறது. ஒளியில் ஒரு பங்கு ஏட்டின் மேலேயே பட்டுத் திரும்பும்; மறுபங்கு ஊடுருவிப் போய் இரும்பில் பட்டுத் திரும்பும். இரண்டும் சேரும்போது ஏதோ ஒரு நிறம் அழியும். நீலம் அழிந்தால் மிஞ்சுவது மஞ்சள். ஏடு தடிக்கத் தடிக்க அழியும் நிறமும் மாறும். ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் மஞ்சள், 300-ல் நீலம். அப்போதும் ஏட்டின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் நானோமீட்டர்! அந்த அளவை ஆசாரி வெறுங்கண்ணால் அளக்கிறார்.

எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பதும் இப்படியொரு ஆக்சைடு ஏடுதான்; ஆனால் அதன் தடிமன் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். அதில் நிறம் தெரியாது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரையும் இரும்பு, அடர்ந்த அமிலத்தில் கரையாமல் கிடப்பதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் போர்வைதான் காரணம் என்று 1836-ல் விஞ்ஞானி ஃபாரடே ஊகித்தார். போர்வையைக் காட்டு என்றால் காட்ட வழியில்லை. ஏறத்தாழ நூறாண்டுகள் வாக்குவாதம் நீண்டது.

வழி ஒளியில்தான் இருந்தது. கயிற்றின் ஒரு முனையைக் கட்டி மறுமுனையை மேலும் கீழுமாக ஆட்டுவதுபோல, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை உலோகத்தின்மேல் சாய்வாக விழச்செய்தால், திரும்பும்போது அந்த அதிர்வு நீள்வட்டமாகச் சுழலும். ஏடு துளி தடித்தாலும் நீள்வட்டத்தின் வடிவம் மாறிவிடும். ஜெர்மனியின் பால் டிரூட 1880-களின் இறுதியில் வகுத்த இந்தக் கணக்கைக் கொண்டு, நார்வேயின் லைஃப் டிரோன்ஸ்டாட் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரும்பின்மேல் ஏடு இருப்பதைக் காட்டினார்.

ஏடு எவ்வளவு தடிமன் என்பதை நீள்வட்டம் சொல்லும். அது எந்த ஆக்சைடு என்று சொல்ல, 1928-ல் நம் சி.வி. ராமன் கண்ட ஒளிச்சிதறல் இருக்கிறது.

நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே, பொழியூர்க் கடற்காற்றில் எவர்சில்வர் கம்பியிலும் பழுப்புப் புள்ளி விழும். உப்பிலுள்ள குளோரைடு ஏட்டை ஊசிமுனை அளவில் உடைத்து உள்ளே புகுந்துவிடுகிறது. இதை ஆராய, உலோகத்தை உப்புநீரிலிருந்து வெளியே எடுத்து உலர்த்தினால் ஏடே மாறிப்போகலாம். அதனால் உப்புநீரில் முழுகிக் கிடக்கும்போதே, கண்ணாடிச் சுவர் வழியாக ஒளியைச் செலுத்தி, ஏடு மெலிவதை ஆய்வாளர்கள் நொடிக்கு நொடி அளக்கிறார்கள்.