வாடிக்கையாளருக்குக் காட்டும் படங்கள்: போனில் ஒழுங்குபடுத்துவது எப்படி?

தையல், மெகந்தி, கேக் தயாரிப்பு, மர வேலை என வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் பலருக்கு, ஸ்மார்ட் போனில் எடுத்து வைத்த படங்கள்தான் கேட்டலாக். ஆனால் வாடிக்கையாளர் “பட்டு ஜாக்கெட் டிசைன் காட்டுங்கள்” என்று கேட்டவுடன் என்ன நடக்கிறது? குழந்தையின் பிறந்த நாள், கேஸ் பில், காலை வணக்கப் படங்கள் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளித் தேடுகிறோம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. போனை அவர் கையில் கொடுத்தால், அடுத்த படத்தில் வேறொரு வாடிக்கையாளரின் முகம் வந்து நிற்கலாம். அவர் அதை விரும்புவாரா?

படங்கள் எங்கே உள்ளன?

ஆண்ட்ராய்ட் போனில் கேமராவில் எடுக்கும் படங்கள் டிசிஐஎம் என்ற போல்டரில், கேமரா என்ற துணை போல்டரில் சேரும். வாட்ஸ் அப்பில் வரும் படங்கள் தனி போல்டரில் இருக்கும். கேலரி இரண்டையும் சேர்த்துக் காட்டுவதால்தான் இந்தக் குழப்பம்.

ஆல்பம் அமைத்திடுங்கள்

கேலரியில் வேலையின் வகைக்கு ஓர் ஆல்பம் உருவாக்கவும். பட்டு ஜாக்கெட், சுடிதார், குழந்தை உடை என்பது போலப் பெயர் கொடுக்கலாம். ஒவ்வொன்றிலும் சிறந்த 20 படங்கள் போதும். வாடிக்கையாளருக்கு ஆல்பத்தைத் திறந்து காட்டுங்கள். விரலால் தள்ளும்போது அந்த ஆல்பத்தின் படங்கள் மட்டுமே வரும். முகம் தெரியும் படங்களை, உரியவரின் அனுமதி இருந்தால் மட்டும் இதில் சேர்க்கவும். இல்லையேல் கிராப் செய்து, வேலைப்பாடு மட்டும் தெரியும்படி வைத்துக் கொள்ளலாம்.

கம்ப்யூட்டருக்கு மாற்றுதல்

போன் தொலைந்தால் உங்கள் கேட்டலாக்கும் போய்விடும். எனவே மாதம் ஒருமுறை படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்திடவும். யுஎஸ்பி கேபிளில் போனை இணைத்து, லாக் நீக்கி, திரையில் வரும் அறிவிப்பில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இதைச் செய்யாவிட்டால் போன் சார்ஜ் மட்டுமே ஆகும். பின் விண்டோஸ் எக்ஸ்புளோரரில் போனின் பெயரைத் திறந்து, டிசிஐஎம் போல்டருக்குச் செல்லவும். கட் செய்யாமல் காப்பி செய்வதே பாதுகாப்பு. பாதியில் கேபிள் கழன்றாலும் படம் போனில் பத்திரமாக இருக்கும்.

போல்டர் பெயரில் ஆண்டை முதலில் தரவும். 2025-06-14 பட்டு ஜாக்கெட் என அமைத்தால், போல்டர்கள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும். பல படங்களைத் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தி ஒரு பெயர் கொடுத்து என்டர் தட்டினால், (1), (2) என எண்களுடன் எல்லாவற்றுக்கும் பெயர் மாறிவிடும்.

அழிக்கும் முன் கவனம்

கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அந்த அப்ளிகேஷனிலேயே டெலீட் செய்தால், இணையத்தில் உள்ள பிரதியும் சேர்ந்தே நீங்கும். போனில் இடம் மட்டும் வேண்டும் எனில், அதில் உள்ள ப்ரீ அப் ஸ்பேஸ் வசதியைப் பயன்படுத்தவும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயிலும் டிரைவும் இதையே பங்கு போடுகின்றன. 2021 ஜூன் முதல், அளவு குறைத்து ஏற்றப்படும் படங்களும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. எனவே கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, பென் டிரைவ் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி என வைத்திருப்பது நல்லது.

அனுப்பும்போது

வாட்ஸ் அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுவதால், நுணுக்கமான வேலைப்பாடு மங்கலாம். டாக்குமென்ட் ஆக இணைத்தால் முழுத் தரத்துடன் செல்லும். ஆனால் அப்படி அனுப்பும் படத்தில், எடுத்த இடம் பற்றிய தகவலும் சேர்ந்து போகலாம். வாடிக்கையாளர் வீட்டில் படம் எடுப்பவர்கள், கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் பதிவை முன்னதாகவே நிறுத்திவிடவும்.