கொக்கோஸ் தீவுக் கிளர்ச்சியும் இலங்கைத் தொண்டர்படையும்

வவுனியா விமானத்தளம் இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியரால் அமைக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். அதே போருக்காகக் கடல்கடந்து அனுப்பப்பட்ட இலங்கைத் தொண்டர்படையினரையோ பெரிதும் மறந்துவிட்டோம்.

தொண்டர்படை என்பது, வேறு தொழில் புரிவோரை அமைதிக்காலத்திற் பயிற்றி, போர் மூண்டதும் முழுநேரப் பணிக்கு அழைக்கும் சேமப்படையாகும். 1888இல் தோன்றிய பீரங்கித் தொண்டர்படையே பின்னர் இலங்கைக் காவற் பீரங்கிப்படையாயிற்று. அதன் ஓரணி, இரண்டு 6 அங்குலப் பீரங்கிகளுடன் கொக்கோஸ் தீவுகளில் நிறுத்தப்பட்டது. கட்டளை அதிகாரி கார்டினர், கொழும்பிற் கணக்காளராயிருந்த ஆங்கிலேயர். குடியேற்ற நாட்டுச் சமூகத்தின் ஆள்வோர், ஆளப்படுவோர் உறவே படைமுகாமிலும் தொடர்ந்தது.

1942 மே 8ஆந் திகதி இரவு, கிரேஷன் பெர்னாண்டோ தலைமையிற் சுமார் 30 பேர் கிளர்ந்தெழுந்தனர். பேரரசு வழங்கிய பீரங்கிகளை அதன் படைகள்மீதே திருப்புவது அவர்தம் திட்டம். சக வீரரொருவர் கொல்லப்பட்டார், கிளர்ச்சி தோற்றது. ஒகஸ்டில் மூவர் தூக்கிலிடப்பட்டனர்.

யப்பானிய ஏகாதிபத்தியத்தை விடுதலைச் சக்தியாகக் கருதியமை அவர்களது அரசியற் பார்வையின் குறைபாடே. எனினும், தமக்குரியதல்லாத போரில் ஆயுதந்தாங்க நேர்ந்தமையே அதன் அடிப்படைக் காரணம் எனலாம். 2022இல் உக்கிரமடைந்த உக்ரேன் போரில், பொருளாதார நெருக்கடியால் உந்தப்பட்டுச் சென்ற இலங்கையின் முன்னாட் படையினர் மாண்டமையையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.