இயற்கை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர்கள்

சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இங்கு வழங்கப்படும் பி.என்.ஒய்.எஸ். பட்டப்படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவப் பணி உட்பட ஐந்தரை ஆண்டுகள் கொண்டது. யோகா, நீர் சிகிச்சை, மண் சிகிச்சை, உணவு சிகிச்சை ஆகியவற்றுடன் உடற்கூறியலும் நோய்க்குறியியலும் கற்பிக்கப்படுகின்றன. சில வாரப் பயிற்சி பெற்ற யோகா ஆசிரியரிடமிருந்து இப்பட்டதாரி வேறுபடுவது இதனால்தான்.

இவர்களுள் பலர் அரசு மருத்துவமனைகளில் பணிபுரிகின்றனர். 2020-இல் கொரோனா சிகிச்சை மையங்களில் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி அளித்தனர். ஆயினும் இவர்களது பெரும்பணி அன்றாடமானது: சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன், மூட்டு வலி உள்ளவர்களின் உணவையும் உறக்கத்தையும் உடலுழைப்பையும் சீர்செய்தல். இப்பணி செய்திகளில் இடம்பெறுவதில்லை. நோயாளிக்குப் பயன்படுவது இதுவே.

தேவதானப்பட்டிப் பகுதியினர் பெரியகுளம் அரசு மருத்துவமனையிலோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இச்சிகிச்சை குறித்துக் கேட்டறியலாம். உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டை உடன் எடுத்துச் செல்லவும். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் தாமாகவே பட்டினி இருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். மருந்தைக் குறைப்பதையோ நிறுத்துவதையோ, அதனைப் பரிந்துரைத்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரெனக் கை கால் செயலிழத்தல் ஆகியவற்றுக்கு உடனே 108-ஐ அழைக்கவும்.