கேட்காமல் அணையும் கணினி: ஃபார்மெட்டுக்கு முன் ஆதாரம்

மலேசியாவின் பெம்பானில் இது அடிக்கடி நடக்கிறது. பிள்ளையின் இடுபணியோ கடைக்கணக்கோ பாதியில் திறந்திருக்கும். புதிதாக நிறுவிய மென்பொருள் ஒரு வார்த்தை கேட்காமல் கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். சேமிக்காத வேலை போய்விடும். பதறிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். “ஃபார்மெட் பண்ணிடலாம்” என்கிறார் கடைக்காரர், இவர்களும் தலையாட்டுகிறார்கள். கணினியை அணைத்தது யார் என்ற பதிவு அதோடு அழிகிறது.

ஃபார்மெட் செய்ய விடாதீர்கள். விண்டோஸ் தேடலில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’, ‘சிஸ்டம்’ எனச் செல்லுங்கள். 1074 என்ற எண்ணுள்ள பதிவில் மறுதொடக்கத்தைத் தூண்டிய நிரலின் பெயரும் நேரமும் இருக்கும். அதைப் படமெடுத்து வையுங்கள். 1074 இல்லாமல் 41 மட்டும் இருந்தால் மின்தடையாகவோ கணினிக் கோளாறாகவோ இருக்கலாம். மென்பொருள்மேல் பழி போடாதீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு மென்பொருள் போட்டுக்கொடுத்த கடைக்காரரின் கவனக்குறைவால், சொந்த உபயோகத்துக்கான கணினியில் இழப்பு வந்ததா? மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ‘போராங் 1’ படிவத்தை நிரப்புங்கள். கட்டணம் 5 ரிங்கிட், கோரும் தொகையின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட், காலக்கெடு 3 ஆண்டுகள். வழக்கறிஞர் தேவையில்லை, ரசீது தேவை. ரசீது கேட்டு வாங்காமல் வந்துவிட்டு நியாயம் தேடுவது வீண் அலைச்சல்.

வியாபாரக் கணினி என்றால் அந்த மன்றம் ஏற்காது. 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இழப்புக்கு, தனிநபராக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ‘போராங் 198’ மூலம் சிறுகோரிக்கை தாக்கல் செய்யலாம். எது எங்கே என்று தெரியாமல் போய் நின்றால் முகப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மென்பொருள் நிறுவனத்தையே எதிர்த்தும் வென்றவர் உண்டு. கேளாமல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டால் தொழில் கெட்டதென்று வழக்காடிய கலிபோர்னியாப் பெண்மணி ஒருவருக்கு 10,000 டாலர் கிடைத்த செய்தி 2016இல் வெளியானது. ஆனால் நிபந்தனைகளைப் படிக்காமல் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று அழுத்தியவருக்கு வாதாடுவது கடினம்.

வருமுன் காப்பதற்குச் சில நிமிடம் போதும். ‘செட்டிங்ஸ்’, ‘விண்டோஸ் அப்டேட்’, ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ நேரத்தைக் குறியுங்கள். 18 மணிநேரம் வரை குறிக்கலாம். மறுதொடக்கம் தேவைப்படும்போது அறிவிக்கும் வசதியையும் இயக்குங்கள். எதை நிறுவுவதற்கு முன்பும் திறந்த கோப்புகளைச் சேமித்து மூடுங்கள். ‘ரீஸ்டார்ட் லேட்டர்’ தெரிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

திடீர் மறுதொடக்கத்துக்கு அஞ்சி அப்டேட்டையே நிறுத்துவது பேராபத்து. 2017 மே மாதம் உலகைத் தாக்கிய வான்னாகிரை என்ற தீம்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே மருந்து கொடுத்திருந்தது, போடாதவர்களே சிக்கினார்கள். திருட்டு மென்பொருளோடும் தீம்பொருள் வரலாம்; அதைப் போட்டபின் கணினி தானாக அணைந்து எழுந்தால் இணையத்தைத் துண்டித்து, 1-300-88-2999 என்ற சைபர்999 இணையப் பாதுகாப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: முதலில் 1074 பதிவைப் படமெடுங்கள், ரசீதைத் தேடி எடுங்கள். அதுவரை கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஃபார்மெட் வேண்டாம்.