லோ வோல்டேஜில் மோட்டார் ஏன் கருகுகிறது?

கோடைக்காலம் வந்தால் மதுராந்தகம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் மோட்டார் ரீவைண்டிங் கடைகளுக்கு வேலை கூடிவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தள்ளியிருக்கும் தெருக்களில் ராத்திரி ஃபேன்கூட சோம்பலாகத்தான் சுற்றும். அந்த நேரம் பார்த்து மோட்டார் போட்டால் காயில் கருகும். அதே லோ வோல்டேஜில் ஹீட்டருக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லையே, ஏன்? ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

ஏரியும் மதகும்

மதுராந்தகம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் உயர்ந்தால் மதகில் தண்ணீர் வேகமாகப் பாயும். அந்த நீர்மட்டம்தான் வோல்டேஜ். பாயும் தண்ணீர், கரன்ட்; அதை ஆம்பியரில் அளக்கிறோம். மதகின் குறுகல்தான் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை. அதன் அளவு ஓம். 1827-ல் இந்த விதியை வெளியிட்ட ஜெர்மானியர் ஜார்ஜ் ஓமின் பெயர்தான் அது.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். 1,000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அவ்வளவுதான் கணக்கு!

ஹீட்டர் சாது

230 வோல்ட்டில் 1,000 வாட்ஸ் ஹீட்டர் இழுப்பது 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் மின்தடை சுமார் 53 ஓம். வோல்டேஜ் 180-க்கு இறங்கினாலும் இந்த 53 பெரிதாக மாறாது. எனவே கரன்ட் 3.4 ஆம்பியர், பவர் சுமார் 612 வாட்ஸ்தான். தண்ணீர் சுட நேரமாகும், ஹீட்டருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் 'வாட்ஸ் குறைந்ததால் யூனிட் மிச்சம்' என்று நினைக்காதீர்கள். கூடுதல் நேரம் ஓடுவதால் கணக்கு நேராகிவிடும்.

மோட்டார் பிடிவாதக்காரன்

மோட்டார் அப்படியல்ல. தண்ணீரை மேலே ஏற்றியே தீர வேண்டும். வோல்டேஜ் குறைந்தால், அதை ஈடுகட்ட அதிகக் கரன்ட்டை இழுக்கும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், 190 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். (பவர் ஃபேக்டர் என்று இன்னொரு கணக்கும் உண்டு, புரிவதற்காக அதை விட்டிருக்கிறோம்.)

ஒரு ஆம்பியர்தானே என்கிறீர்களா? காயில் சூடாவது கரன்ட்டை கரன்ட்டாலேயே பெருக்கும் கணக்கில். ஐந்தைந்து 25, ஆறாறு 36. சூடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! காயிலின் வார்னிஷ் பூச்சு அந்தச் சூட்டில்தான் கருகுகிறது.

ஒயரும் வோல்டேஜைத் தின்னும்

கிணறு 100 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 200 மீட்டர் ஒயர். 1.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயரில் அதன் மின்தடை சுமார் 2.4 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 12 வோல்ட் வழியிலேயே காலி. 4 ஸ்கொயர் ஒயர் போட்டால் இழப்பு 5 வோல்ட்தான்.

என்ன செய்யலாம்?

• மோட்டார் பேனலில் வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் இருக்கட்டும்.

• மோட்டாரின் நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியரை முள் தாண்டினால் உடனே நிறுத்துங்கள்.

• ஓவர்லோடு ரிலேவை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி நேம் பிளேட் அளவுக்கு செட் செய்யுங்கள். திறந்த ஒயரில் நீங்களே கை வைக்காதீர்கள்.

• தினமும் லோ வோல்டேஜ் என்றால், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் செய்யுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை வோல்ட் என்று ஒரு வாரம் குறித்துவைத்துச் சொன்னால், உங்கள் புகாருக்கு வலு கூடும்.